சத்தியத்துக்கு முன் டிஸ்பென்சரிக்கும் போகட்டும்

ஆசிரியருக்கு,

மாரியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்து, அன்றைக்கே குடியை விடுவது எங்கள் தேயிலைத் தோட்டங்களில் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் சாராயமோ கசிப்போ குடித்தவருக்கு அது ஆபத்தாகலாம்.

மூளையின் நரம்பு இணைப்புகளில் காபா என்ற இரசாயனம் அடக்கும், குளுட்டமேட் என்ற இரசாயனம் தூண்டும். மது காபாவுக்குத் துணைபோகிறது. மூளையும் சமாளிக்கப் பார்த்து, காபாவை ஏற்று வேலைசெய்யும் ஏற்பிகளை மந்தமாக்கி, குளுட்டமேட் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென மது நின்றால் பிரேக் இல்லாமல் மலையிறங்கும் கொழுந்து லொறி கதைதான். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் சிலர், சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார்கள். லய வீடுகளில் உடனே பூசாரிக்கு ஆள் போகும்! அது பேயல்ல, உயிரைப் பறிக்கக்கூடிய ஜன்னி. ஆஸ்பத்திரியில் டயசிபாம் போன்ற மருந்தும், விட்டமின் பி1-உம் கொடுத்துக் காப்பாற்றலாம்.

குடியை விட வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயில் கமிட்டிகள் சத்தியம் வாங்குமுன், அந்த ஆளை டிஸ்பென்சரிக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பிவைக்க வேண்டும்.

தோட்ட வாசகர்,
பொகவந்தலாவை