கிழக்கு ஃபின்ச்லியின் ஃபீனிக்ஸ்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. ஆனால், நாம் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த கொட்டகையை முதலாளியின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு கல்யாண மண்டபமாக்கப் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. அந்த வருத்தத்தோடுதான் நேற்று மாலை இங்கே எங்கள் பகுதியிலுள்ள ஃபீனிக்ஸ் திரையரங்குக்குப் போய்வந்தேன். அதன் கதையை உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன், இப்போது எழுதுகிறேன்.

கிழக்கு ஃபின்ச்லி லண்டனின் வடக்கு ஓரத்தில் இருக்கும் புறநகர். ஹைகேட் முருகன் கோயிலுக்கு வரும் நம்மவர்கள் இறங்கும் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம் என்றால் உனக்கு இடம் புரியும். கடைவீதியில், வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே, ஒரே திரைக்கென்று கட்டப்பட்ட அரங்கு அது. 1909ஆம் ஆண்டு பிரிட்டனில் திரைப்படச் சட்டம் வந்தது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், படம் ஓட்டும் அறை பார்வையாளர் இருக்கும் கூடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகள் கட்டாயமாக்கின. கடைகளிலும் வாடகைக் கூடங்களிலும் நடந்துவந்த படக்காட்சி அதன் பிறகுதான் தனக்கென்று கட்டடம் எழுப்பத் தொடங்கியது. அந்த அலையில் 1910இல் எழுந்ததுதான் இதுவும்.

கட்டத் தொடங்கிய நிறுவனத்துக்கு அரங்கைத் திறந்து பார்க்கும் பேறு வாய்க்கவில்லை. அது நொடித்துப்போக, கட்டடம் வேறு கைக்கு மாறி, 1912 மே மாதம் ‘ஈஸ்ட் ஃபின்ச்லி பிக்சர்ட்ரோம்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. முந்தைய மாதம்தான் கடலில் மூழ்கியிருந்த டைட்டானிக் கப்பலைப் பற்றிய படம் தொடக்க நாளில் காட்டப்பட்டதாம். ஊரே பேசிக்கொண்டிருந்த துயரத்தைத் திரையில் பார்க்க மக்கள் திரண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது, நம் ஊரில் புயல் சேதத்தைச் செய்திப்படத்தில் பார்த்துவிட்டு யாரும் பேசாமல் வீடு திரும்பிய அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது.

1920களில் உரிமை மாறியபோது அதன் பெயர் ‘கொலீசியம்’ ஆயிற்று. பேசும் படத்தையும் அது காலந்தாழ்த்தாமல் வரவேற்றது. 1938இல் ‘ரெக்ஸ்’ ஆனபோதுதான் பெரிய மாற்றம் நடந்தது. பழைய முகப்பு எளிமையாக்கப்பட்டது. உட்சுவர்களில் மொல்லோ, ஈகன் என்ற அலங்காரக் கலைஞர்களின் பலகைகள், ‘ஆர்ட் டெக்கோ’ என்ற அக்கால அலங்காரப் பாணியில், பதிக்கப்பட்டன. ஆனால் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற 1910ஆம் ஆண்டின் வளைவுக் கூரையில் அவர்கள் கைவைக்கவில்லை. அதனால் இன்று இருக்கையில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு காலமும், பக்கவாட்டில் திரும்பினால் இன்னொரு காலமும் கண்ணில் படுகின்றன. விளக்கணைவதற்கு முந்தைய அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் எப்போதும் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவேன். அடுத்த ஆண்டு, 1939 ஜூலையில், பாதாள ரயில் கிழக்கு ஃபின்ச்லி வரை நீண்டது. அந்த நிலையத்தின் மேல் எரிக் ஔமோனியர் செய்த வில்லாளி சிலை இன்றும் நிற்கிறது. அரங்கிலிருந்து சில நிமிட நடைதான்.

போருக்குப் பிந்தைய கணக்கு நம் ஊர்க் கணக்கைப் போன்றதே. 1946இல் பிரிட்டன் முழுவதும் ஓராண்டில் விற்ற டிக்கெட்டுகள் 163 கோடிக்கு மேல்; தொலைக்காட்சி வீடுகளுக்குள் நுழைந்த பின் அது சரிந்து சரிந்து 1984இல் ஐந்தரைக் கோடிக்கும் கீழே வந்துவிட்டது. அந்தச் சரிவின் நடுவே 1973இல் பல ஊர்களில் அரங்குகள் வைத்திருந்த கிரனடா நிறுவனம் ரெக்ஸை வாங்கியது. எல்லா அரங்குகளிலும் ஓடும் படங்களே இங்கும் ஓடத் தொடங்கியபோது ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1975இல் அயல்மொழிப் படங்களை விநியோகித்துவந்த சார்ல்ஸ் கூப்பரின் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு ‘ஃபீனிக்ஸ்’ என்று பெயரிட்டது. சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயர் அதற்குப் பொருந்தியது. ஆனால் அது எழ வேண்டிய தருணம் இன்னும் வரவில்லை.

நான் இங்கே குடிவந்த காலத்தில் அதை விற்று, அந்த இடத்தில் அலுவலகக் கட்டடம் எழுப்பும் பேச்சு எழுந்திருந்தது. நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். ஊர்க்காரர்கள் நல்ல முதலாளி ஒருவரைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. ஓர் அறக்கட்டளை உருவாயிற்று. அப்போதைய லண்டன் பெருநகர மன்றத்தின் பண உதவியோடு 1985இல் கட்டடம் அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமாயிற்று. மறு ஆண்டு மார்ச் முடிவில் அந்த மன்றத்தையே அரசு கலைத்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் உதவ அந்தக் கை இருந்திருக்காது. அதே 1985இல்தான் மில்டன் கீன்ஸ் நகரில் பத்துத் திரைகள் கொண்ட நாட்டின் முதல் மல்டிபிளெக்ஸும் திறந்தது. தொழில் ஒரு திசையில் போனபோது இந்த ஒற்றைத் திரை வேறு திசையில் நடந்தது. அதை நடத்தியவர்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிறகு இக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2010இல், நூற்றாண்டையொட்டிச் சீரமைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பண நெருக்கடியில், நிர்வாகத்தை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி வந்தபோது ஊர் மீண்டும் பேசியது, அந்த யோசனை கைவிடப்பட்டது. அறக்கட்டளை என்றாலும் பணக்கவலை ஓய்வதில்லை, சண்முகம். ஆனால் வாரிசுகள் பங்கு கேட்க முடியாது. நிலத்தின் விலை ஏறியது என்பதற்காக ஒருவர் மட்டும் முடிவெடுத்து விற்கவும் முடியாது.

நம் கொட்டகையை வாங்கும் வலிமை நமக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இடிக்கத் தொடங்குமுன் நீ ஒரு முறை உள்ளே போய், ஆபரேட்டர் அறையையும் அந்தச் சிறு சன்னலையும் டிக்கெட் கொடுக்கும் பொந்தையும் படம் எடுத்து வை. முதலாளியின் மூத்த பிள்ளை உன்னிடம் மரியாதையாகப் பேசுவார் என்று எழுதியிருந்தாய் அல்லவா? பழைய கணக்குப் புத்தகங்களும் சுவரொட்டிகளும் இருந்தால் பழைய காகிதக் கடைக்குப் போடாமல் உன்னிடம் தரும்படி கேள். தை மாதம் நான் வரும்போது இருவரும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்
இராமநாதன்