பி.டி. பீரியடில் நிற்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் பள்ளி விளையாட்டைப் பற்றிய பேச்செல்லாம் பதக்கத்தைச் சுற்றியே ஓடுகிறது. எந்தப் பள்ளி எத்தனை கோப்பை வாங்கியது என்று கணக்கு எடுக்கிறார்கள். அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகள் அந்த வாரம் பி.டி. பீரியடில் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பள்ளியில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள்தான் என்பதால் அவர்களுக்காக இந்தக் கடிதம்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். இரண்டு பிரிவுகளைச் சேர்த்து மைதானத்துக்கு அனுப்புவது பல பள்ளிகளில் வழக்கம் என்பதால் 60 பேராவது இருப்பார்கள். ஒரே ஒரு வாலிபால். பக்கத்துக்கு ஆறு பேர் ஆடினால் 12 பேர் ஆட, 48 பேர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நீளம் தாண்டுதல் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் ஓடிவந்து தாண்டி, அளந்து, மணலைச் சமன்செய்து அடுத்தவர் கிளம்ப 40 வினாடி ஆகும். 60 பேருக்கு 40 நிமிடமும் சரியாகப் போய்விடும். அந்த வாரம் முழுவதும் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாண்டல். அதுவும் மழைக்கும் வெயிலுக்கும் இறுகிப்போன மணலில். காலையில் ஓர் அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்தி, கல் பொறுக்கி, பலகையால் இழுத்துவிடாத குழியில் தாண்டச் சொல்லவே கூடாது. குதிகாலும் கணுக்காலும் அடிபடுவது அங்கேதான்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு உடற்கல்வி வகுப்பில் பாதி நேரமாவது பிள்ளை ஓடியாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட அளவுகோல். நம் கணக்கில் அது 20 நிமிடம். இதைச் சோதிக்க நிபுணர் யாரும் வேண்டாம். வரிசையின் கடைசியில் நிற்கும் ஏதாவது ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அது அசையும் நேரத்தை மட்டும் கைபேசியில் ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால் போதும். பல பள்ளிகளில் ஐந்து நிமிடம் தேறினால் பெரிது.

பெரிய மைதானம் இல்லாமலே இதைச் சரிசெய்யலாம். வருகைப் பதிவைக் குழுத் தலைவரிடம் விட்டுவிட்டால் வெளியே வந்து நிற்க 5 நிமிடம் போதும். அடுத்த 7 நிமிடம் உடலைச் சூடேற்றுவது: மெதுவோட்டம், முழங்காலை உயர்த்தி ஓடுதல், பக்கவாட்டு ஓட்டம், இடுப்பையும் தோளையும் சுழற்றுதல். ஒரே இடத்தில் நின்று காலை நீட்டிப் பிடித்து எண்ணுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு நான்கு மூலையில் நான்கு வேலை, மூலைக்கு 15 பேர், அந்த 15 பேரும் ஐந்தைந்து பேராக மூன்று வரிசை. ஒரு மூலையில் கயிறு தாண்டல், ஒன்றில் எறிந்து பிடித்தல், ஒன்றில் வளைந்து நெளிந்து ஓடுதல், ஒன்றில் இரண்டு காலிலும் ஒற்றைக் காலிலும் குதித்தல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு விசில், மூலை மாற வேண்டியதுதான். மாறும் நேரத்தையும் சேர்த்து 22 நிமிடம். மிச்சமிருக்கும் ஆறு நிமிடத்தில் மூச்சு ஆறி, தண்ணீர் குடித்து, வகுப்புக்குப் போகலாம்.

இதற்குப் பொருள் வேண்டுமே என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கென்றே ஆண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் என்று வரையறை உள்ளது. அந்தப் பணம் பெரும்பாலும் இரண்டு கேரம் போர்டு, ஒரு கிரிக்கெட் செட், ஒரு வலை என்று முடிந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. 60 பேருக்குத் தேவை வேறு. தட்டையான பிளாஸ்டிக் கூம்பு 40, ரப்பர் பந்து 20, கயிறு 20, எறிந்து பிடிக்கத் துணிப்பை 30.

கயிற்றைக் கடையில் தாண்டுகயிறாக வாங்க வேண்டாம், 8 மி.மீ. நைலான் கயிற்றைச் சுருளாக வாங்கி இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக வெட்டலாம். அதைவிட மெலிந்தால் காற்றில் சுழலாது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கி முடிச்சுப் போட்டுவிட்டால் பிரியாது. பழைய சீருடைத் துணியில் அரை அடிக்குக் கொஞ்சம் குறைவான சதுரப் பை தைத்து, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை போட்டு இரட்டைத் தையல் அடித்தால் எறிந்து பிடிக்க அதைவிட நல்ல பொருள் இல்லை. தவறவிட்ட பந்து முப்பது மீட்டர் உருண்டு ஓடும், பிள்ளை அதன் பின்னாலேயே ஓடும். பை விழுந்த இடத்தில் கிடக்கும். விரலிலும் அடிபடாது.

இரண்டு பழக்கங்களை இன்றைக்கே விட்டுவிட வேண்டும். தாமதமாக வந்தவனை "கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடு" என்பது ஒன்று. ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்டு, பிறகு ஓடப் பிடிக்கவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தவிர, 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது. மற்றது, குண்டு எறிதலுக்கென்று அறையில் கிடக்கும் ஒரே இரும்புக் குண்டை எல்லார் கையிலும் கொடுப்பது. வளர்ந்த ஆண்களின் குண்டு 7.26 கிலோ. 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கே 5 கிலோ, பெண்களுக்கு 3 கிலோதான். எட்டாம் வகுப்பு மாணவன் பெரிய குண்டை எடுத்தால் முழங்கை கீழே இறங்கும், தள்ள வேண்டியதைப் பந்துபோல் வீசுவான், தோளும் முழங்கையும் வலிக்கும். தவறான அசைவு ஒருமுறை படிந்துவிட்டால் மாற்ற வருடக்கணக்கில் ஆகும்.

தனியார் பயிற்சி மையங்களுக்கு அனுப்பும் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 10 முதல் 15 வயதுக்குள், வேகமாக உயரம் கூடும் காலத்தில், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டில் அழுத்தினால் வலிக்கிறதென்றால், தொடைத் தசை அந்த வளரும் எலும்பை இழுக்கிறது என்று பொருள். "வளர்ச்சி வலி, ஆடினால் சரியாகிவிடும்" என்று தாண்டலையும் குந்தலையும் கூட்டும் பயிற்சியாளர் அதை மோசமாக்குகிறார். சுமையைக் குறைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரு வாரத்தில் பயிற்சி கூடாது, வாரம் ஒரு நாள் முழு ஓய்வு: இந்த இரண்டையும் ஒத்துக்கொள்ளாத மையம் வேண்டாம்.

ஆள் பற்றாக்குறையை மறைக்க முடியாது. தொடக்கப் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியரே கிடையாது. நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் வாரத்துக்கு மூன்று அரை நாள் வரும் பகுதிநேர ஆசிரியர்தான், அதுவும் 2012 முதல் நிரந்தரமாகாமல். இருக்கும் இடத்திலும் அவர்தான் இறைவணக்கக் கூட்டம், ஒழுங்கு, மிதிவண்டி வழங்குதல் எல்லாம். அணியை அழைத்துக்கொண்டு போட்டிக்குப் போய்விட்டால் மீதிப் பள்ளிக்கு அந்த வாரம் பீரியட் இல்லை, அல்லது கணக்குப் பாடம். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறைகூட இல்லாத பள்ளிகளில் அவர்கள் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்பது கொடுமை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் விளையாட்டு நிதியில் என்ன வாங்கினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள், அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். கால அட்டவணையில் பி.டி. பீரியடை வெயில் ஏறும் முன் முதல் இரண்டு பாடவேளைக்குள் வைக்கச் சொல்லுங்கள். அணி வெளியே போகும் நாளில் அந்த வகுப்பை யார் மைதானத்துக்கு அழைத்துப் போவது என்று பெயர் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
உடற்கல்வி இயக்குநர் (ஓய்வு),
தேனி மாவட்டம்.