கரையில் கிடைத்த ஏழு மணி நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பல் வேலைக்குப் போகும் டெல்டா இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படிப்பு, சம்பளம், போலி ஏஜெண்டுகள் என்று எல்லாம் இருந்தது. மாலுமி கரையிறங்கும் நாளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. 22 வருடம் கப்பலில் இருந்தவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

2014-ல் எங்கள் சரக்குக் கப்பல் சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் துறையில் கட்டியது. அதற்கு முன் 41 நாள் நான் மண்ணை மிதிக்கவில்லை. காலை நாலு முதல் எட்டு வரையிலான வாட்ச் (முறைப் பணி) முடித்து, ஷோர் பாஸ் என்கிற கரையிறங்கும் அனுமதிச் சீட்டோடு கப்பல் படியான கேங்வேயில் இறங்கும்போது காலை மணி ஒன்பது. மாலை நாலுக்கு மறுபடியும் வாட்ச். கூட வந்த பிலிப்பைன்ஸ் பையன்கள் போன் வாங்கக் கிளம்பினார்கள். நான் தெலுக் ஆயர் தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது.

ஆமாம், நம் நாகூர் ஆண்டவர் பெயரில்தான். சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் 1828-30-ல் கட்டியது. அன்று அந்தத் தெருவே கடற்கரை. பத்திரமாகக் கரை சேர்ந்தவர்கள் அங்கே நின்று நன்றி சொன்னார்கள். பிறகு கடலைத் தூர்த்துவிட்டதால் இப்போது சுற்றிலும் வானுயர்ந்த கட்டடங்கள். நடுவே மினாராக்களோடு அது சின்னதாக நிற்கிறது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். நான் கப்பலேறும்போதெல்லாம் அம்மா திருமருகலிலிருந்து பஸ் பிடித்து நாகூர் போய் வேண்டிக்கொண்டு வருவார். அந்தச் சுவரில் கை வைத்ததும் அழுதுவிட்டேன்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கியது. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள் வளர்த்தது. மதியம் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் வாழை இலைச் சாப்பாடு, ரசம் இரண்டு தடவை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்பே கப்பலில் இருந்தேன். அதன்பின் ஒரு மாதம் எனக்கு யார்மீதும் எரிச்சல் வரவில்லை.

இது சுற்றுலா இல்லை, மருந்து. 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் உடல்நலம், மனநலம் கருதி மாலுமிக்குக் கரை விடுப்பு வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2015-ல் ஏற்றது. கொரோனா சமயத்தில் 14 மாதம் கரையிறங்காமல் இருந்தேன். கடைசி மாதங்களில் மெஸ்ஸில் யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நம் காரைக்கால் துறைமுகம் வாஞ்சூரில் இருக்கிறது. நாகூர் பக்கத்திலேயே. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிய 131 அடி பெரிய மினாரா நாகூர் தர்காவில் நிற்கிறது. நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களில் இருப்பவர்களும் என்னைப் போல மாதக்கணக்கில் மண்ணை மிதிக்காதவர்கள்தான். கரையிறங்க அனுமதி கிடைத்தவர்களுக்கு வாசலிலிருந்து நாகூர் வரை ஒரு வேன், வீட்டுக்குப் பேச நல்ல இணையத்தோடு ஓர் அறை, இவ்வளவு போதும். ஆட்டோ ஓட்டும் தம்பிகளும் நம்மூர் ஆளிடம் வாங்கும் வாடகையையே அவர்களிடமும் வாங்க வேண்டும். துறைமுகத்தாரும் நாகூர் வணிகர்களும் கலந்து பேசினால் முடியாத காரியமில்லை. வேன் ஏற்பாடானால் வாரத்தில் இரண்டு நாள் அவர்களோடு போய்வர நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன் (கப்பல் தள மாலுமிகளின் தலைவர்),
திருமருகல், நாகப்பட்டினம் மாவட்டம்.