பெயிண்ட் அடிக்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர மாதமான ஆகஸ்டு பிறந்தால் கோலாலம்பூரில் பழைய கார்கள் கொட்டகையை விட்டு வெளியே வரத் தொடங்கிவிடும். தேசியக் கொடி கட்டிய மோரிஸ் மைனர் ஒன்று ஜாலான் ஈப்போவில் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். பத்திரிகைகளும் படம் போடுகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, தாத்தா விட்டுப்போன காரை மறுபடி ஓடவைக்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் போய் நிற்பது பெயிண்ட் கடையில். அடுத்தது குரோம் பூசும் இடத்தில். கையிலிருந்த பணம் அங்கேயே கரைந்துவிடுகிறது. காரின் அடிப்பாகம் கிடந்தபடியே கிடக்கிறது. உயிருக்கு உலை வைப்பது அந்த அடிப்பாகம்தான் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

மோரிஸ் மைனரையே எடுத்துக்கொள்கிறேன். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த கார் இது. 1953 வரை 918 சிசி பக்க வால்வு எஞ்சின். அதற்கிடையே 1952 முதல் 803 சிசி. 1956 இறுதியில் 948 சிசியோடு ‘மைனர் 1000’ வந்தது. முன் கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் அது ‘1000’-க்கு முந்தியது. உதிரிப்பாகம் கேட்கும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் பாகங்கள் மாறும்.

மைனருக்குத் தனியாகச் சேசிஸ் எனும் அடிச்சட்டம் கிடையாது, உடம்புதான் எலும்பும். முன் இருக்கைகளுக்கு அடியில், இந்தக் கதவோரத்திலிருந்து அந்தக் கதவோரம் வரை ஒரு பெட்டிச் சட்டம் குறுக்கே ஓடுகிறது. கிராஸ்மெம்பர் என்பார்கள். முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்பவை டார்ஷன் பார் எனப்படும் இரண்டு நீளக் கம்பிகள். முறுக்கேறி நிற்கும் அந்தக் கம்பிகளின் பின்முனையை இந்தச் சட்டம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சட்டம் துருவில் கரைந்தால் கம்பிக்குப் பிடிமானம் இல்லை. காரின் முன்பக்கம் உட்கார்ந்துவிடும்.

நம் ஊர் மழைக்கு இது எளிதில் நடக்கும். கதவு ரப்பரும் கண்ணாடி ரப்பரும் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, தரை விரிப்புக்கு அடியிலுள்ள மெத்தையில் ஊறி நிற்கும். மேலே கைவைத்தால் காய்ந்தது போலிருக்கும். விரிப்பைத் தூக்கினால் அடியில் பிழிகிற அளவு ஈரம் இருக்கும். கதவின் அடிவிளிம்பிலும் கதவுக்குக் கீழுள்ள பெட்டியிலும் நீர் வடியத் துளைகள் உண்டு. மண்ணும் பெயிண்டும் அவற்றை அடைத்துவிடும். ஒரு கம்பித் துண்டால் மாதம் ஒருமுறை குத்திவிட்டால் போதும், செலவே இல்லாத வேலை. பினாங்கில் கடலோரமாக நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இரட்டைக் கவனம் வேண்டும்.

சோதிப்பது எப்படி? விரிப்பை முழுதும் எடுத்துவிடுங்கள். காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிவைத்த பிறகே அடியில் போகவேண்டும்; வெறும் ஜாக்கை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்த தகட்டில் ‘தப்’ என்று ஒலி அடங்கிப்போகும். அடங்கும் இடத்தில் முனையால் அழுத்திக் குத்துங்கள். கறுப்புத் தார்ப்பூச்சு பளபளவென்று புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் அகப்பட்டு வெளியே தெரியாமல் தின்னும். சட்டத்தின் இரு முனைகளிலும்தான் காரோடு வரும் ஜாக்கைச் செருகும் இடம் இருக்கிறது. தூக்கும்போது அங்கே அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

பழுதுபார்க்கிறவர் ஃபைபர் துணியும் பட்டியும் போட்டு மூடுகிறேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம். இது 1.6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்யவேண்டிய வேலை. அழுகியதை வெட்டுவதற்கு முன் டார்ஷன் பாரின் முறுக்கை இறக்கியாக வேண்டும். முறுக்கோடு வெட்டினால் கம்பி எகிறும். கதவு நிலையின் குறுக்கே ஒரு தாங்கு கம்பி கொடுத்து, கதவைக் கழற்றாமல், இடைவெளி மாறுகிறதா என்று மூடித்திறந்து பார்த்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். இல்லையேல் எல்லாம் முடிந்த பிறகு கதவு சாத்தாது. பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வெல்டிங் என்றால் பெட்ரோல் டாங்கியையும் இறக்கிவிடுங்கள். டார்ஷன் பாரில் கீறல்கூட விழக்கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் பிறகு முறியும். இடது பக்கக் கம்பியை வலதில் மாட்டவும் கூடாது. பழகிய திசைக்கு எதிராக முறுக்கினால் உடையும்.

அடுத்தது டிரன்னியன். இந்தக் காரின் மிகப் பெரிய பலவீனம் இதுதான். முன் சக்கரம் திரும்புவதற்கான செங்குத்து முளையின் மேலும் கீழும், உள்மரையுள்ள நட் போல ஒவ்வொரு டிரன்னியன் திருகப்பட்டிருக்கும். ஸ்டேரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரைக்குள் மரை உராய்கிறது. கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் முளை கீழ் டிரன்னியனிலிருந்து கழன்று வந்துவிடும். சக்கரம் மடங்கி மட்காட்டுக்கு அடியில் போகும். பெரும்பாலும் ஸ்டேரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக நிறுத்தும்போது நடக்கும். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

தேய்மானம் பார்க்க இருவர் வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது பேரிங்காகவும் இருக்கலாம், டிரன்னியனாகவும் இருக்கலாம். உள்ளே ஒருவரை உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். நிற்கவில்லை என்றால் மரை போய்விட்டது. முளையையும் டிரன்னியனையும் சோடியாகத்தான் மாற்றவேண்டும். தேய்ந்த முளையில் புது டிரன்னியனை ஏற்றுவது பணத்துக்குக் கேடு. இங்கிலாந்திலிருந்து புதியவை இன்றும் கிடைக்கின்றன. வந்ததும் மாட்டுவதற்கு முன் கையால் திருகிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காப்பதற்கு வேண்டியது ஒரு கிரீஸ் கன் மட்டுமே. 1600 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதிகம் ஓடாத காருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிக்கவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் பாரம் சுமக்கும் பக்கத்து மரைக்குள் கிரீஸ் போகாது. ஜாக்கில் தூக்கிவிட்டு அடியுங்கள். அடித்தபடியே ஸ்டேரிங்கை இருபுறமும் திருப்பச் சொல்லுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, பின்னால் புதுக் கிரீஸ் நிறம் தெரிந்தால்தான் முடிந்தது. கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிளில் கிரீஸ் ஏறாமல் வெளியே வழிந்தால் வழி அடைத்திருக்கிறது. நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். திடீர் வெள்ளத்தில் கார் நின்றிருந்தால் கணக்குப் பார்க்காமல் மறுநாளே அடித்துவிடுங்கள்.

மூன்றாவது பிரேக். ஒரே குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போகும் அமைப்பு. ஓர் இடத்தில் கசிந்தால் கால்மிதி தரையைத் தொடும். பிறகு கைப்பிரேக்தான் துணை. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விரிப்பை விலக்கி அடைப்பைக் கழற்றினால்தான் மூடி தெரியும். அதனாலேயே பல கார்களில் அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதும் மாற்றாவிட்டால் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து ரப்பரை அறுக்கும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள்; ஒரு துளி மண் விழுந்தாலும் கெடுதல்.

பிரேக்கை இறுக்க முன் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர், பின் சக்கரத்துக்கு ஒவ்வொன்று. டிரம்மிலுள்ள துளை வழியாக ஸ்க்ரூடிரைவரால் வலஞ்சுழியாகத் திருப்பி, சக்கரம் இறுகியதும் ஒரு பல் மட்டும் பின்னால் விடவேண்டும். முன்பக்கத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். பிறகு கார் ஒருபக்கமாக இழுக்கிறது என்று டயரைக் குறை சொல்கிறார்கள்.

எஞ்சின் இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானது. 948 சிசிக்கு ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லிட்டர் 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய். கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் எண்ணெய் வகைதான், எஸ்ஏஇ 30, சுமார் 1.3 லிட்டர். பின் ஆக்ஸிலுக்கு மட்டுமே இபி 90 எனும் கியர் எண்ணெய். இளம் போர்மன்கள் (மெக்கானிக்குகள்) பழக்கத்தில் கியர்பாக்ஸிலும் இபி எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். அது உள்ளேயிருக்கும் வெண்கலப் பாகங்களைத் தின்னக்கூடும். டிஸ்டிரிபியூட்டரிலுள்ள பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு 0.012.

வால்வு இடைவெளியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே வால்வு வந்து அமரும் இருக்கைக்குக் காப்பு. இப்போது அது இல்லை. புகையை வெளியேற்றும், வெப்பம் அதிகம் தாங்கும் எக்ஸாஸ்ட் வால்வுகளான 1, 4, 5, 8-இன் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை உள்ளே அமுங்குகிறது என்று பொருள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை வளையம் போட்டுவிட்டால் தீர்ந்தது. திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுகளுக்கு 40 பவுண்ட்-அடி முறுக்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று தவணையாக.

நெரிசலில் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது மருந்தல்ல. எஞ்சினின் பின்கோடியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றித்தான் துருச்சேறு படிகிறது. அங்கேயுள்ள வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லையா? கம்பியால் குத்திச் சேற்றை வெளியேற்றி, ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்வது. இன்றைய கார்களுக்கு நேர் எதிர். பேட்டரி மாற்றுகிற பையன் வழக்கப்படி மாட்டிவிடாமல், கம்பியில் சிவப்பு டேப் சுற்றி எழுதி ஒட்டிவையுங்கள்.

ஸ்பானரும் சரியாக வேண்டும். ‘1000’-க்கு அங்குல அளவு. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர், 13-ஐப் போட்டு மல்லுக்கட்டினால் துருப்பிடித்த நட்டின் முனை மழுங்கிவிடும். 918 சிசி எஞ்சினில் நட்டின் தலை விட்வொர்த் எனும் பழைய பிரிட்டிஷ் அளவு, மரையோ மெட்ரிக். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில் விட்வொர்த் ஸ்பானர்கள் இன்னும் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நம் நாட்டில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. ஆகவே பழைய கார் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயிண்டுக்கும் குரோமுக்கும் மதிப்பெண் போடும் தாளில், கிராஸ்மெம்பருக்கும் டிரன்னியனுக்கும் பிரேக் குழாய்க்கும் ஒரு பத்தி சேருங்கள். பரிசுக்கு வரும் காரை ஒருமுறை தூக்கி, நடுவர் கையால் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் இருந்தால் அந்தக் கார் ஊர்வலத்தில் போகாமல் டிரெய்லரில் வீட்டுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்