சான்றிதழில் என்ன எழுதப் போகிறீர்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஆண்டு விழா வேலைகள் தொடங்கியிருக்கும். சாமியானாவுக்கு முன்பணம், மைக் செட்டுக்குச் சொல்லிவைப்பது, சிறப்பு விருந்தினர் தேதி கொடுப்பாரா என்று நாலு பேர் நடையாய் நடப்பது, எல்லாம் எனக்குப் பழக்கம். இந்த மண்ணில் முப்பது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவன் நான். வேலைக்குச் சேர்ந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவே இல்லை, 2004இல்தான் பிரிந்தது. அதனால் இரு பக்கத்தாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. உங்கள் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிள்ளை மேடை ஏறும்போது கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்ப்பவர்கள் நீங்கள்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். ஆறு மணி விழா ஏழரைக்குத் தொடங்கியது. பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, அதை எடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு பொன்னாடை. அப்புறம் பேச்சு. ஒன்பதேகால் ஆனபோது, நேரமின்மை காரணமாகப் பரிசுகள் நாளை வகுப்பறையில் வழங்கப்படும் என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். என் பக்கத்தில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. பேத்தி ஒன்பதாம் வகுப்பு, ஆயாவிடம்தான் வளர்கிறாள். முந்தைய வருடம், எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறியவள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு வந்திருந்த ஆயா, “எம் பேத்தி எப்ப சார் மேல ஏறுவா?” என்று என்னை இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்லச் சொன்னார். பேத்தியின் பெயர், வகுப்பு, அப்புறம் “பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பிடம் பெற்றமைக்காகப் பாராட்டி வழங்கப்படுகிறது.” வாசித்து முடித்தேன். “அவ்ளோதானா?” என்றார். கோலப் போட்டியில் ஜெயித்தவளுக்கும் நூறு மீட்டர் ஓடியவனுக்கும் அதே வாசகம்தான். அச்சகத்தில் மொத்தமாக அடித்தது, பெயர் மட்டும் பேனாவில்.

அந்த “அவ்ளோதானா” இன்னும் என்னை விடவில்லை. இதற்கு விடை நம் ஊர் ஏரிக்கரையிலேயே கிடக்கிறது என்பதால்தான் இந்த மடல்.

நடுகல்லைச் சொல்கிறேன், சண்டையில் இறந்த வீரனின் நினைவாக ஊரார் நட்டுவைத்த கல். தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கிற நிலங்களில் நம்முடையதும் ஒன்று. பல்லவர் காலத்துக் கல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுதம் ஏந்திய ஒரு வீரனின் உருவம், பக்கத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள். அந்த வரிகளில் என்ன இருக்கும்? இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு. இன்ன ஊர். இன்னாருடைய சேவகன் இன்னான். தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்தான். முடிந்தது. சிங்கம், புலி, இமயம் என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் அவன் யார், எந்த ஊர், என்ன செய்தான் என்று நமக்குத் தெரிகிறது. பெரும்பாலும் அவன் அரசனும் இல்லை, ஊர் மாட்டைக் காக்கப் போன சாதாரண ஆள். ஊர் கூடி அவனுக்கு எழுதிக் கொடுத்த சான்றிதழ் அந்தக் கல். நம் பிள்ளைகளுக்கு நாம் அச்சடித்துக் கொடுக்கும் தாளைவிட அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பேன்.

அந்தக் கற்கள் பலவற்றைத்தான் நாம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிட்டு வருகிறோம். என் வருகைப் பதிவேட்டில் எந்த வருடமும் ஒரு வேடியப்பனாவது இருந்திருக்கிறான். ஒருவன் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் சமயத்தில் வந்து, பேரை மாத்திக்கலாமா சார் என்று கேட்டான். பையன்கள் கிண்டல் செய்கிறார்களாம். அவனுடைய பெயர் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நானும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. மௌரியரையும் குப்தரையும் நடத்தி முடிக்கவே எனக்கு வருடம் சரியாக இருந்தது.

தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானைப் பற்றியும் நம் மேடைகளில் ஒரே காட்சிதான். தெர்மாகோல் கிரீடம், நரைமுடி ஒட்டிய ஔவை, ஒரு நெல்லிக்கனி. நெல்லிக்காய் கிடைக்காத மாதத்தில் எலுமிச்சம்பழம். தப்பில்லை, நானே எட்டு தரம் போட்டிருக்கிறேன். ஆனால் அதே ஔவை, அதியமான் போன பிறகு அவனுக்கு நட்ட கல்லின் முன் நின்று பாடியது புறநானூற்றின் 232ஆம் பாட்டாக இருக்கிறது. மலையோடு கூடிய ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறாள். அவனுடைய முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று 99ஆம் பாட்டில் சொல்கிறாள். பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று.

நம் பிள்ளைகள் காதில் அதிகம் விழுகிற சொல் ‘பின்தங்கிய மாவட்டம்’. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. மேடைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரால் பல்லில் கறை ஏறி, போட்டோ எடுக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்ட எத்தனையோ பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது. தண்ணீர் மாறினாலும் அந்தக் கை பல பேருக்கு இன்னும் கீழே இறங்கவில்லை. ஆனால் இதே மண்ணில், பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இந்தத் தகவலை எந்தப் பள்ளி ஆண்டறிக்கையிலாவது வாசித்தார்களா? நான் கேட்கவில்லை.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் பங்குனி, சித்திரையில் வகுப்பில் தூங்கி விழுவான். எழுப்பி வெளியே நிற்க வைப்பேன். ஒருநாள் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்க்கப் போனேன். நடுச்சாமத்துக்கு மேல் அபிமன்யு வேடம் கட்டி வந்தவன் அவன்தான். நெஞ்சிலும் தோளிலும் கட்டைகள், காலில் சலங்கை, கிறுகிறுவென்று சுற்றி நின்று, மனப்பாடமாக நூற்றுக்கணக்கான அடிகள். ஒரு செய்யுளை ஒப்பிக்கத் தெரியாது என்று அவனை நான் அடிக்கடி திட்டியிருந்தேன். அந்த வருட ஆண்டு விழாவில் அவனுக்கு என்ன கொடுத்தோம் என்கிறீர்களா? ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டுக்கு ஆடிய குழுவுக்குக் கேடயம் கொடுத்தோம். 2022 முதல் அரசு நடத்துகிற கலைத்திருவிழா வந்த பிறகு இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. ஆனால் அது போட்டி; ஜெயித்தவருக்குத்தான் அங்கே பெயர். சொந்த ஊர் விழாவில் அரை மணி நேரக் கூத்துக்கு இடம் கொடுக்க யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் மூன்று இடம் என்று மாநில அளவில் பெயர் வாசிப்பதை அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நம் பள்ளிகளில்தான் ஃபிளெக்ஸில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நானூற்று எண்பது எடுத்த பெண்ணின் பெயர் பக்கத்தில் மதிப்பெண் மட்டும் இருக்கிறது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்து எடுத்த மதிப்பெண் என்றால் அதையும் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நான் கேட்பது இதுதான். இந்த வருடம் சான்றிதழில் நாலு வரி வெற்றிடம் விட்டு அச்சடியுங்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று வகுப்பாசிரியர் கையால் எழுதட்டும். ‘அப்பா அம்மா வெளியூரில் இருக்க, தம்பியைப் பள்ளிக்குக் கூட்டி வந்துகொண்டே என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினாள்.’ ‘அபிமன்யு வேடம் கட்டி விடிய விடிய ஆடினான்.’ கீழே ஊர்ப் பெயர். வீட்டு விஷயம் எழுதுவதாக இருந்தால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது ஊரறிய வேண்டாம் என்று இருக்கும். மேடையில் கொடுக்கும்போது அந்த வரிகளை மைக்கில் முழுதாக வாசியுங்கள். ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே ஒரு தரம் அந்த மொழியிலும் வாசிக்கட்டும். அந்தப் பக்கத்துப் பழைய கற்களிலேயே கன்னடமும் இருக்கிறதே.

நானூறு பிள்ளைகள் சார், நேரம் ஏது என்பீர்கள். பொன்னாடையை நிறுத்தினால் முக்கால் மணி நேரம் மிச்சம். மீதிப் பேருக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை வணக்கக் கூட்டத்தில் நாலைந்து பேராகக் கொடுக்கலாம். ஆண்டு விழா அன்றே எல்லாவற்றையும் திணிப்பது நாமாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

விழா அன்று மாலை நாலு மணிக்கு, சிறப்பு விருந்தினர் வருவதற்குள், பிள்ளைகளே பெற்றோரை ஊர் நடுகல்லுக்கு அழைத்துப் போய்க் காட்டட்டும். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போதும், நன்றாகச் சொல்வார்கள். இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்: விழாவுக்காகக் கல்லைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று யாரும் கம்பி பிரஷ், ஆசிட், எனாமல் பெயிண்ட் எடுத்து வரக்கூடாது. எழுத்து ஒருமுறை தேய்ந்தால் போயிற்று. ஓர் ஊரில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்ததை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். பாதி வரி சோப்போடு போயிருந்தது. சாமியாகக் கும்பிடுகிற கல் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும், இடத்தை விட்டு நகர்த்தவே கூடாது. புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து, தொல்லியல் துறையின் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ சொல்லுங்கள். எழுத்துள்ள கல்லென்றால் மைப்படி, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் நகல், எடுத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டு சொன்ன பிள்ளைக்கு அந்த வருடம் சான்றிதழில் எழுத ஒரு வரி கிடைத்துவிடும்.

வட்டெழுத்து எனக்கு ஓரளவு வரும், தட்டுத் தடுமாறித்தான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர யாராவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். பென்னாகரத்திலிருந்து பஸ் இருக்கிற ஊராக இருந்தால் நல்லது. பொன்னாடை வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே இருபத்தேழு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம்