முதலில் கால் தூக்கட்டும், பெடல் அப்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று எழுதியவர், மூன்று வயதுக்குப் பக்கச் சக்கரம் வைத்த சைக்கிள்தான் பத்திரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதை நம்பி யாரும் கடைக்குப் போய்விட வேண்டாம், முதலில் காலால் தரையை உந்தி ஓட்டுகிற, பெடலே இல்லாத பேலன்ஸ் பைக்கைப் பாருங்கள்.

என் மகனுக்கு நான் பக்கச் சக்கரம் வைத்ததைத்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷம் சந்தோஷமாக ஓட்டினான். ஐந்தாவது பிறந்தநாளுக்கு அவன் அப்பா அந்தச் சக்கரங்களைக் கழற்றினார், அன்று சாயங்காலமே சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு வாசல் சரிவில் விழுந்து தாடையில் மூன்று தையல், அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவன் சைக்கிள் பக்கமே போகவில்லை. காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. பக்கச் சக்கரம் இருக்கும் வரை வண்டி சாயாது, வண்டி சாயாதபோது வளைவில் உடம்பை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. பெடல் மிதிப்பது ஒரு மத்தியானத்தில் வந்துவிடும். விழாமல் நிற்பதுதான் நாள் பிடிக்கிற வேலை, அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தது எங்கள் தப்பு.

இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1817இல் ஜெர்மனியில் மன்ஹைம் ஊரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கே பெடல் கிடையாது, காலால் தரையை உந்தித்தான் பெரியவர்களே போனார்கள். பெடல் பரவியது 1860களில், நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கிய அந்தக் காலத்தில்.

இப்போது என் பேத்திக்கு மூன்றரை வயது. அவளுக்கு வாங்கும்போதும் ஒரு தவறு நடந்தது, எல்லார் வீட்டிலும் நடக்கக்கூடியது என்பதால் எழுதுகிறேன். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாக எடுங்கள் என்றார் கடைக்காரர். சட்டைக்கு அது சரி. இந்த வண்டிக்குச் சரியே இல்லை. உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்காலும் தரையில் முழுசாகப் படிய வேண்டும், முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும், நுனிக்காலில் நிற்கிற பிள்ளை பயந்துதான் போகும். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதை எடுத்தோம், தூக்கிப் பார்த்து எடை குறைந்ததாகவே எடுத்தோம். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். காலில் மூடிய ஷூ, ஸ்லாப்ஸ் என்கிற ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம், ஏனென்றால் அந்தக் கால்தான் பிரேக்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு முன்னால் கோயில் கார் நிறுத்துகிற இடம் காலியாக இருக்கும். கேட்டைச் சாத்திவிட்டு ஐந்தாறு பிள்ளைகளை அங்கே விடுகிறோம். பாடம் மாதிரி, "நேராகப் பார், காலைத் தூக்கு" என்று சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை. விளையாட்டாக்கினால் தானாக வருகிறது. முதல் விளையாட்டு சிலை. நான் கை தட்டினால் எல்லாரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஆடினால் அவுட். நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேகம் போகத் தைரியம் வரும், அதனால் இதை நான் முதலில் வைக்கிறேன். அப்புறம் ரயில். சாக்பீஸால் வளைந்து வளைந்து தண்டவாளம் போட்டு, ஒருவர் பின்னால் ஒருவராக இடைவெளி விட்டு, "பேவ்யூ! வெஸ்ட்கிளிஃப்! கிராஸ்மூர்!" என்று எங்கள் பக்கத்து ஸ்டேஷன் பெயர்களை நான் கூவக் கூவ நின்று நின்று போவார்கள். வளைவில் உடம்பு தானாகச் சாய்கிறது, யாரும் சொல்லித்தரவில்லை.

நாம் சின்ன வயதில் ஆடிய கல்லா மண்ணா இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. சிமெண்ட் தரை கல், ஓரத்துப் புல் மண். பிடிக்கிறவர் "கல்" என்றால் மற்றவர்கள் புல்லுக்கு ஓட வேண்டும், அதுவும் வண்டியிலேயே. புல்லில் உருளுவது கஷ்டம், தொடையால் உந்த வேண்டும், சிமெண்டுக்கு வந்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் காலுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் விஷயம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மெதுவாகப் போகிற பந்தயம் வையுங்கள், கடைசியாக வருகிறவருக்கே பரிசு. வேகத்தில் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும், மெதுவாகப் போகும்போதுதான் பிள்ளை தன் பேலன்ஸில் நிற்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எண்ணுகிற விளையாட்டு. ஓடி வந்து இரண்டு காலையும் தூக்கிவிட வேண்டும், மறுபடி தரை தொடும் வரை எல்லாரும் சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்துவோம். வகுப்பில் பத்துக்கு மேல் சொல்ல வாய் திறக்காத பிள்ளைகள் இங்கே பதினொன்று, பன்னிரண்டு என்று அடம்பிடித்துக் கற்றுக்கொள்கிறார்கள், தன் எண்ணிக்கை குறையக் கூடாதே என்று. வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளைகள் இவர்கள். இதை நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள், பிள்ளையின் தோளைப் பிடிக்காதீர்கள், ஹேண்டிலைப் பிடிக்காதீர்கள். நீங்கள் பிடித்தால் சமநிலை உங்கள் கையில் இருக்கும். கூடவே நடந்து வாருங்கள், போதும். அழுதால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை நடைபாதை அழகுதான், ஆனால் ரிக்‌ஷாவும் ஸ்கேட்டிங்கும் கூட்டமும் இருக்கிற இடத்தில் புதுசாகப் பழகுகிற பிள்ளையை விடாதீர்கள். காலை சீக்கிரம் போனால் நல்லது. டர்பனில் ஜூலை மாதம் மழை குறைவு, வெயிலும் சுடாது, விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.

ஆசிரியர் அவர்களே, குழந்தைகள் பக்கத்தில் இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கு மாதம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் இதைப் படித்தால், வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் கார்களை வெளியே நிறுத்தச் சொல்லி அந்த இடத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். என் பேத்தி போன சனிக்கிழமை பதினேழு வரை வந்திருக்கிறாள், பதினெட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
ஓர் ஆயா,
சாட்ஸ்வர்த், டர்பன்