முதல் அழுத்தலை நம்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாள்பட்ட உடல்வலிக்கு உடற்பயிற்சியே மருந்து என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. மீதியை, இந்த நோயாளிகளோடு பழகும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் சொல்லியாக வேண்டும்.

உடம்பெல்லாம் வலி, தீராத அசதி என்று வருகிறவர்களின் ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பல தசை நோய்களில் எகிறும் சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி) அளவுகூட இயல்பாகவே இருக்கும். உடனே, "தசையில் கோளாறு இல்லை, மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். (இதைக் கேட்டு யாருக்கும் மனசு லேசானதை நான் பார்த்ததில்லை.) ஆனால் உடம்பெங்கும் நாள்பட்ட வலியும் அசதியும் தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோய் உள்ளவர்களுக்குக் கைப்பிடி வலுவும் தொடை வலுவும் சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலு குறையத் தசையே கெட வேண்டும் என்பதில்லை. வலிக்கும்போது மூளை தசையை முழுவீச்சில் இயக்குவதில்லை. வலிக்குப் பயந்து அசையாமலே இருந்தால் தசையும் இளைக்கும்.

கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டரை ஒரே ஒருமுறை அழுத்தச் சொல்லி எண்ணைக் குறித்துக்கொள்வதும் போதாது. என்னிடம் வந்த ஒரு தையல்காரம்மா முதல் அழுத்தலில் என்னையே மிஞ்சினார். திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னதும் முள் மளமளவென்று இறங்கியது. மறுநாள் தலைவாரக்கூடக் கை எழவில்லை என்று மகள் போனில் சொன்னாள். முதல் எண்ணோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு நற்சான்றிதழ்தான் கிடைத்திருக்கும்.

அந்த மறுநாளை விசாரிக்காமல் பயிற்சி எழுதிக் கொடுக்கக் கூடாது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2017இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். தசை வலுவூட்டும் பயிற்சியும் அதில் அடக்கம். மிகக் குறைந்த எடையில் தொடங்கிப் பொறுமையாக ஏற்றினால் பலருக்கு வலு கூடுகிறது. எம்இ எனப்படும் நாள்பட்ட அசதி நோய் அப்படியல்ல. சின்ன உழைப்புகூட ஓரிரு நாள் கழித்துப் படுக்கையில் தள்ளிவிடும். குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியை இவர்களுக்குத் தரக் கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. இரண்டு நோயும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு; அங்கேதான் எங்களுக்கே திணறல்.

நோயாளிகளுக்கு ஒன்று: பயிற்சி செய்த அன்று எப்படி இருந்தது என்பதோடு, அடுத்த இரண்டு மூன்று நாள் எப்படி இருந்தது என்பதையும் குறித்துவைத்து, யாரும் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்